காற்று சீசனில் விழுந்த நோட்: ஒரு கசாண்ட்ரா மெமரிச் சிக்கலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளில் ஒரு பகுதியை ஒரு நிறுவனம் பராமரிக்கிறது. அவர்களுக்கான கண்காணிப்பு மென்பொருளை நாகர்கோவிலில் உள்ள ஒரு சிறு அலுவலகம் எழுதி நடத்திவருகிறது. நான் அந்த அலுவலகத்து ஊழியன் இல்லை. தரவுத்தளத்தில் ஏதாவது முரண்டு பிடித்தால் கூப்பிடுவார்கள், போவேன். இரு தரப்பின் பெயரையும் அடையாளத்தையும் இதில் தவிர்த்திருக்கிறேன்.

அமைப்பு இதுதான். ஒவ்வொரு காற்றாலையின் கன்ட்ரோலரும் காற்றின் வேகம், மின் உற்பத்தி, கியர்பாக்ஸ் வெப்பம், அதிர்வு, பிளேடு கோணம் என்று அளவீடுகளைத் தந்துகொண்டே இருக்கும். துணைமின் நிலையத்தில் வைத்திருக்கும் ஒரு சிறு பெட்டி அவற்றைத் திரட்டி, மொபைல் இணைப்பு வழியாகச் சென்னையில் வாடகைக்கு எடுத்த சர்வர்களுக்கு அனுப்பும். இணைப்பு போய்விட்டால் பெட்டி தன்னிடமே சேர்த்து வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் மொத்தமாக அனுப்பும். பின்னால் நடந்த கூத்தில் ஓர் அளவீடுகூடத் தொலையவில்லை என்றால் அதற்கு இந்தப் பெட்டிதான் காரணம்.

சென்னையில் மூன்று சர்வர்களில் கசாண்ட்ரா 3.11 என்ற தரவுத்தள மென்பொருள் ஓடியது. அப்படி ஓடும் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட். ஒவ்வொன்றிலும் 16 ஜிபி ரேம். ஒவ்வொரு தரவுக்கும் மூன்று நகல். எழுதும்போதும் படிக்கும்போதும் மூன்றில் இரண்டு நோட் பதில் சொன்னால் போதும் என்ற அமைப்பு. கசாண்ட்ரா ஜாவாவில் எழுதப்பட்டது, ஆகவே அதற்கென்று ஹீப், அதாவது ஜாவா தன் பொருள்களை வைத்துக்கொள்ளும் நினைவகம், ஒதுக்க வேண்டும். நாம் அளவு சொல்லாவிட்டால் இந்த அளவு ரேமில் அதுவே கால் பங்கை, அதாவது 4 ஜிபியை எடுத்துக்கொள்ளும். அப்படியே விட்டிருந்தார்கள். இதற்கு மேலே பைத்தானில் எழுதிய வெப் ஆப், எட்டு ஒர்க்கர் புராசஸ்களாக, தனி சர்வரில் ஓடியது.

காற்றாலைக்காரர்களுக்கு இந்த மாவட்டத்தில் வருடம் இரண்டு பாகம்தான்: சீசன், சீசன் இல்லாத காலம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு நுழையும் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சீசன். உற்பத்தியும் அப்போதுதான், அலாரமும் அப்போதுதான். காற்று நொடிக்கு 25 மீட்டரை ஒட்டிப் போனால் பெரும்பாலான காற்றாலைகள் தற்காப்புக்காக நின்றுவிடும். கிரிட் தடுமாறினாலும் நிற்கும், கியர்பாக்ஸ் சூடானாலும் நிற்கும். ஒவ்வொரு நிறுத்தமும் ஓர் அலாரம். இந்த விவரம் சிக்கலின் மையத்தில் இருக்கிறது, எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொன்றும் உண்டு. அலாரத்துக்கென்று ஒரு புதிய பக்கத்தைப் பிப்ரவரியில் ஏற்றியிருந்தார்கள். காற்று இல்லாத மாதங்களில் அது அமைதியாக ஓடியது. ஜூன் மாதம்தான் அதற்கு முதல் சீசன்.

முதலில் தெரிந்தவை

தளத்தில் இருக்கும் மேற்பார்வையாளர் ஒரு பிற்பகலில் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "தம்பி, ஸ்கிரீன்ல காத்தாடி பூரா நிக்குதுன்னு காட்டுது. வெளிய வந்து பாத்தா எல்லாம் ஜம்முனு சுத்துது. எதை நம்பணும்?"

நிஜத்தில் நடந்தது என்னவென்றால், கடைசி அளவீட்டைத் தரவுத்தளத்திடம் கேட்ட குவெரி பத்து நொடியில் காலாவதியாகி, பதில் வராத இடத்தில் பக்கம் பூஜ்யத்தைப் போட்டிருந்தது. உற்பத்தி பூஜ்யம் என்றால் காற்றாலை நிற்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு சிவப்பாக்கிவிட்டது. இது தனிப் பிழை. ஆனால் இந்த நிகழ்விலேயே மிக ஆபத்தானது இதுதான் என்பது என் கருத்து. தரவுத்தளம் மெதுவானால் எரிச்சலோடு போய்விடும். ஓடும் காற்றாலையை நிற்பதாகக் காட்டும் திரை, நிற்பதை ஓடுவதாகக் காட்டாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அன்றாடம் ஒரே மாதிரிதான் நடந்தது. காலையில் எல்லாம் சரி. காற்று ஏறும் பிற்பகலில் பக்கங்கள் தொங்கும். காலையில் 200 எம்பி அளவில் இருந்த ஒவ்வொரு ஒர்க்கரும் மாலைக்குள் ஒரு ஜிபியைத் தாண்டும். கசாண்ட்ராவின் லாகில், பயனற்ற நினைவகத்தைக் கழிப்பதற்காக ஜாவா முழுவதுமாக நின்றுவிடும் இடைவெளிகள் பதிவாகியிருந்தன. இரண்டு நொடி, மூன்று நொடி, சில நேரம் இருபது நொடி வரை. கசாண்ட்ரா 200 மில்லி நொடியைத் தாண்டிய இடைவெளியையே பதிவு செய்யும். இருபது நொடி என்றால் மற்ற நோட்கள் அதைச் செத்துப்போனதாகவே எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் ஒரு நோட் விழுந்ததாகவும் உடனே எழுந்ததாகவும் வரிகள் மாறி மாறி வந்திருந்தன.

ஆப்பை ரீஸ்டார்ட் செய்தால் சில மணி நேரம் தாங்கும். கசாண்ட்ரா நோடை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் விநோதமாக முன்பைவிட மோசமாகும், ஏறியதுமே திணறும். அலுவலகத்தில் இதைக் கவனித்திருந்தார்கள், குறித்தும் வைத்திருந்தார்கள். ஏன் என்று யாரும் துருவவில்லை. முழுக் கதையும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

ஹீப்பைக் கூட்டிய முடிவு

நான் போவதற்கு முன்பே எடுத்த முடிவு இது. லாகில் ஜாவா திணறுகிறது, ஹீப் 4 ஜிபிதான் இருக்கிறது, சர்வரில் 16 இருக்கிறது. அப்படியானால் 12 கொடுத்துவிடலாமே என்று மூன்று நோட்களிலும் மாற்றினார்கள். வெளியே இருந்து பார்த்தால் நியாயமான முடிவுதான். சில நாட்கள் நிலைமை தேறியது போலவும் இருந்தது.

அப்புறம் ஒரு நள்ளிரவுக்குப் பிறகு ஒரு நோட் சத்தமில்லாமல் நின்றது. காலையில் அலுவலகம் திறந்த பிறகுதான் தெரிந்தது. கசாண்ட்ராவின் லாகில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒரு சாதாரண வரியோடு லாக் முடிந்திருந்தது, அவ்வளவுதான். ஹீப் நிரம்பிச் செத்திருந்தால் ஜாவா நினைவகப் பிழையை எழுதிவிட்டுத்தான் சாகும். லாக் பாதியில் அறுந்திருந்தால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். லினக்ஸ் கெர்னலின் பதிவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது: சர்வரில் நினைவகம் தீர்ந்துபோய், அதிகம் வைத்திருந்த புராசஸைக் கெர்னல் கொன்றிருந்தது. ரேம் தீர்ந்தால் டிஸ்க்கைப் பயன்படுத்தும் ஸ்வாப் அணைக்கப்பட்டிருந்தது. கசாண்ட்ராவுக்கு அது சரியான அமைப்புதான், அதனால் மெதுவாகித் தள்ளாடும் கட்டம் இல்லாமல் நேராக மரணம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். இந்தப் பதிப்பின் இயல்பான அமைப்பில் ஜாவா, ஹீப் முழுவதையும் தொடக்கத்திலேயே தொட்டு எடுத்துக்கொள்ளும். 12 ஜிபி முதல் நிமிடத்திலேயே போய்விட்டது. மிச்சம் 4. அதற்குள்தான் ஹீப்புக்கு வெளியே கசாண்ட்ரா வைத்துக்கொள்ளும் எல்லாமே வர வேண்டும்: கோப்புத் துண்டுகளுக்கான 512 எம்பி கேஷ், புளூம் ஃபில்டர்கள், சுருக்கத் தகவல், நெட்வொர்க் பஃபர்கள், நூற்றுக்கணக்கான திரெட்களின் ஸ்டேக்குகள். கூடவே இயங்குதளம், கண்காணிப்பு ஏஜென்ட். இரவில் தரவுக் கோப்புகளை ஒன்றிணைக்கும் கம்பாக்‌ஷன் ஓடியபோது உடைந்துவிட்டது. இது போதாதென்று, டிஸ்க் கோப்புகளை லினக்ஸ் வைத்துக்கொள்ளும் பேஜ் கேஷுக்கு இடமே இல்லாமல் போனதால் ஒவ்வொரு வாசிப்பும் டிஸ்க்குக்கு ஓடியது.

கசாண்ட்ராவின் நிர்வாகக் கருவியான நோட்டூலின் இன்ஃபோ கட்டளை ஹீப்புக்கு வெளியே உள்ள நினைவகம் என்று ஓர் எண் காட்டும். அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு, "சில நூறு எம்பிதானே இருக்கு" என்று தைரியமாக இருந்திருக்கிறார்கள். அந்த எண்ணில் நெட்வொர்க் பஃபர்களும் கோப்புத் துண்டு கேஷும் சேராது. மறுபுறம், லினக்ஸின் டாப் கட்டளை காட்டும் எண்ணில் டிஸ்க்கிலிருந்து மேப் செய்த கோப்புகளும் சேர்ந்துகொள்ளும். ஒன்று குறைத்துச் சொல்கிறது, இன்னொன்று கூட்டிச் சொல்கிறது.

விழுந்த நோடை எழுப்பியதும் அடுத்த கேள்வி வந்தது: அது தூங்கிய நேரத்து எழுத்துகள் என்ன ஆயின? ஒரு நோட் இல்லாதபோது மற்றவை அதற்கான எழுத்துகளைக் குறிப்பாக வைத்திருந்து பிறகு தரும். ஆனால் இயல்பான அமைப்பில் மூன்று மணி நேரம் வரைதான். நோட் அதைவிட அதிக நேரம் விழுந்து கிடந்தது. நோட்களின் நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேரை ஓட்டியே ஆக வேண்டும்.

ஆனால் உடனே ஓட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். ரிப்பேர், தரவை ஒப்பிடுவதற்கான மரவடிவச் சுருக்கங்களைக் கட்ட நினைவகம் கேட்கும். மூச்சுவிட இடமில்லாத நோட்களில் அதை ஓட்டினால் இன்னொன்றும் விழும். அவகாசம் எவ்வளவு என்று பார்த்தோம். அளவீட்டு டேபிள்களில் யாரும் எதையும் அழிப்பதில்லை, 90 நாளில் தானாகக் காலாவதியாகும். இரண்டு நோடில் எழுதி இரண்டு நோடில் படிப்பதால் ஒன்றாவது சரியான பதிலைத் தரும். ஆனால் அலாரங்களை ஒப்புக்கொண்டதைப் பதியும் டேபிளில் அழிப்பது உண்டு. அழித்ததற்கான அடையாளத்தைக் கசாண்ட்ரா இயல்பாக 8,64,000 நொடி, அதாவது 10 நாள் வைத்திருக்கும். அதற்குள் ரிப்பேர் செய்யாவிட்டால் அழித்த வரிகள் உயிர்பெற்று வரலாம். ஆக, கெடு 10 நாள். மூல காரணத்தை அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

சந்தேகப்பட்டு விலக்கியவை

காலாவதியாகும் தரவு என்றதும் எல்லோரும் முதலில் கைநீட்டுவது அழிப்பு அடையாளங்களைத்தான். ஒரு வாசிப்பில் அவை 1,000ஐத் தாண்டினால் கசாண்ட்ரா எச்சரிக்கும், 1,00,000ஐத் தாண்டினால் குவெரியையே நிறுத்திவிடும். இங்கே எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. அடுத்து, ஒரே பார்ட்டிஷன் (ஒரே சாவியின் கீழ் சேரும் தரவு) ஊதிப்போயிருக்கிறதா என்று பார்த்தோம். காற்றாலை எண்ணும் தேதியும் சேர்ந்த சாவி என்பதால் ஒரு பார்ட்டிஷன் ஒரு நாளோடு முடிந்துவிடும், 100 எம்பி எச்சரிக்கை எல்லைக்கு வெகு கீழே. டேபிள் வடிவமைப்பில் குறை இல்லை. அதை ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

லாகில் இருந்த ஒரு வரி

பிழை வரிகளை மட்டும் வடிகட்டிப் படித்துக்கொண்டிருந்த வரை எதுவும் கிடைக்கவில்லை. எச்சரிக்கை வரிகளையும் சேர்த்துப் படித்தபோதுதான், நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் ஒரு வரி கண்ணில் பட்டது. கேஷ் வரம்பை எட்டியதால் கடந்த நிமிடத்தில் இத்தனை பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்கள் தூக்கி எறியப்பட்டன என்றது அது. வரம்பு 48 எம்பி என்றும் அடைப்புக்குறிக்குள் இருந்தது. ஜூன் தொடக்கத்து லாகை எடுத்துப் பார்த்தால் அதே வரி, வரம்பு மட்டும் 16 எம்பி.

அந்த இரண்டு எண்களும் தற்செயல் இல்லை. இந்தக் கேஷின் அளவு, தனியாகச் சொல்லாவிட்டால், ஹீப்பில் 256இல் ஒரு பங்கு. 4 ஜிபிக்கு 16 எம்பி, 12 ஜிபிக்கு 48 எம்பி. ஹீப்பைக் கூட்டியதும் சில நாள் தேறியது போலத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கேஷ் மூன்று மடங்கானதால் அது நிரம்ப நேரம் எடுத்தது.

பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்பது அச்சடித்த படிவம் மாதிரி. படிவத்தை ஒருமுறை அச்சடிக்கிறோம், பெயரையும் தேதியையும் ஒவ்வொரு முறையும் நிரப்புகிறோம். குவெரியின் வடிவத்தை ஒருமுறை சர்வருக்கு அனுப்பினால் அது புரிந்துகொண்டு ஓர் அடையாளத்தைத் திருப்பித் தரும். அடுத்த முறை அடையாளமும் மதிப்புகளும் போனால் போதும். இங்கே நடந்தது, பெயரையும் தேதியையும் சேர்த்தே அச்சடித்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புதுப் படிவம்.

கசாண்ட்ரா 3.11 இந்த ஸ்டேட்மென்ட்களைத் தன் சிஸ்டம் டேபிள் ஒன்றிலும் எழுதி வைக்கிறது. அந்த டேபிளைத் திறந்து நான்கு வரி பார்த்ததும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நான்கும் ஒரே குவெரி. 'நேரம் இதற்கு மேல், இதற்குக் கீழ்' என்ற இடத்தில் மில்லி நொடி வரைக்கும் எண்கள் அப்படியே உள்ளே இருந்தன. முதல் வரியில் 14:07:31.318, அடுத்ததில் 14:07:31.655. அலாரம் வந்ததும் அதற்கு முந்தைய பத்து நிமிட அளவீடுகளைக் கேட்கும் குவெரி அது. உலகத்தில் ஒரே ஒருமுறை மட்டும் ஓடப்போகும் ஒன்றை மூன்று நோட்களும் காலாகாலத்துக்கும் நினைவில் வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தன.

ஏன் மூன்று நோட்களும்? ஆப்புக்கும் கசாண்ட்ராவுக்கும் நடுவே பேசும் பைத்தான் டிரைவரின் இயல்பான அமைப்பில், ஒரு ஸ்டேட்மென்ட்டைப் பிரிப்பேர் செய்தால் அது எல்லா நோட்களிலும் பிரிப்பேர் ஆகும். காற்று இல்லாத மாதங்களில் நாளுக்கு நாலைந்து அலாரம் வரும்போது இது யார் கண்ணுக்கும் படாது.

கிளையன்ட் பக்கம்

அலார பக்கத்தை எழுதியவரிடம் கேட்டேன். தயங்காமல் சொன்னார்: "பிரிப்பேர் பண்ணா வேகம்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கே அண்ணே. அதான் எல்லாக் குவெரியும் ஒரே ஃபங்ஷன் வழியா போற மாதிரி வச்சேன். ஒருமுறை பண்ணினத மறுபடி பண்ணக்கூடாதுன்னு டிக்‌ஷனரிலயும் போட்டு வச்சிருக்கேன்."

படித்தது சரி, எண்ணமும் சரி. ஒரு இடத்தில்தான் பிசகு. மதிப்புகள் ஏற்கனவே வாக்கியத்துக்குள் ஒட்டப்பட்ட பிறகுதான் அது அந்த ஃபங்ஷனுக்கு வந்து சேர்ந்தது. எனவே சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் அந்த டிக்‌ஷனரியில் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி. எதுவும் அதிலிருந்து வெளியேறாது.

அனுமானத்தோடு நிற்க வேண்டாம் என்று நினைவகத்தை எந்த வரி எடுக்கிறது என்று காட்ட பைத்தானோடு வரும் டிரேஸ்மல்லாக்கை ஒரு ஒர்க்கரில் மட்டும் இயக்கி, ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு நிலைகளை ஒப்பிட்டோம். வளர்ச்சியில் பெரும்பகுதி அந்த ஃபங்ஷனின் ஒற்றை வரியிலும், அது கூப்பிடும் டிரைவர் வரிகளிலும் வந்து நின்றது. உயிரோடு இருக்கும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பொருள்களை எண்ணினால் பல பத்தாயிரங்கள். இருக்க வேண்டியது ஒரு டஜன்.

இங்கே டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. டிரைவர் தன் பதிவேட்டில் இந்தப் பொருள்களைப் பலவீனமான இணைப்பில்தான் வைத்திருக்கிறது. ஆப் விட்டுவிட்டால் அதுவும் விட்டுவிடும். ஆப்பின் டிக்‌ஷனரி இறுகப் பிடித்திருந்ததால் டிரைவரின் பதிவேடும் சேர்ந்து வீங்கியது.

இனி அந்த விநோதத்துக்கு வருவோம். ஒரு நோட் விழுந்து எழுந்ததும், தன்னிடம் உள்ள எல்லா ஸ்டேட்மென்ட்களையும் அதில் மறுபடி பிரிப்பேர் செய்வது டிரைவரின் இயல்பான வழக்கம். ஸ்டேட்மென்ட் பன்னிரண்டு என்றால் நல்ல வழக்கம். எட்டு ஒர்க்கரும் ஆளுக்குப் பல பத்தாயிரம் வைத்திருந்தால், இப்போதுதான் எழுந்த நோடின் மேல் அத்தனையும் ஒரே நேரத்தில் விழும். ஒவ்வொன்றையும் நோட் அலசிப் புரிந்துகொண்டு, கேஷில் போட்டு, இடமில்லாமல் இன்னொன்றை எறிந்து, சிஸ்டம் டேபிளிலும் எழுத வேண்டும். குப்பை மலையாகக் குவிகிறது, ஜாவா அதைக் கழிக்க நிற்கிறது, நின்றதும் மற்ற நோட்கள் இது விழுந்ததாக நினைக்கின்றன, எழுந்ததும் மறுபடி பல பத்தாயிரம். ஒரு இருபது நொடி இடைவெளி அடுத்த இருபது நொடி இடைவெளியைத் தானே வரவழைத்துக்கொண்டது. ரீஸ்டார்ட் செய்தாலும் இதே கதைதான். கூடவே, தொடங்கும்போது சிஸ்டம் டேபிளில் கிடப்பதையும் கசாண்ட்ரா படித்து ஏற்றிக்கொள்ளும்.

உண்மையில் மறுபடி மறுபடி தேவைப்படும் டாஷ்போர்டு குவெரிகளும் இந்த வெள்ளத்தில் கேஷிலிருந்து தள்ளப்பட்டன. அவற்றை ஓட்டும்போது நோட் 'இதை நான் அறியேன்' என்று சொல்லும், டிரைவர் மறுபடி பிரிப்பேர் செய்து மறுபடி ஓட்டும். பயனருக்கு அது தாமதமாகத்தான் தெரியும், பிழையாகத் தெரியாது. இதனால்தான் ஆப்பின் லாகில் தடயமே இல்லை.

இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. டாஷ்போர்டு, தேர்ந்தெடுத்த காற்றாலைகள் அனைத்தையும் ஒரே குவெரியில் பட்டியலாகக் கேட்டது. வெவ்வேறு பார்ட்டிஷன்களின் பதில்களை ஒரே நோட் திரட்டித் தன் ஹீப்பில் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டியலின் நீளம் மாறினாலே அது இன்னொரு வாக்கியமும்கூட.

எடுத்த முடிவுகளும் வரிசையும்

எதை முதலில் செய்வது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். அலுவலகத்துக்கு முதலில் நோட்களைச் சரிசெய்ய ஆசை, ஏனென்றால் விழுவது அவைதான். ஆனால் பழைய ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போது நோடை ரீஸ்டார்ட் செய்வது வெள்ளத்தைத் திறந்துவிடுவதற்குச் சமம். ஆகவே முதலில் ஆப், பிறகு நோட்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் ரிப்பேர்.

ஆப்பில் குவெரிகளை எண்ணினால் உண்மையில் வேறுபட்டவை ஒரு டஜன்தான். அவற்றை மதிப்புகளுக்கான கேள்விக்குறிகளோடு எழுதி, ஒர்க்கர் தொடங்கும்போது ஒருமுறை பிரிப்பேர் செய்துவிட்டு, அதன் பிறகு பிரிப்பேரைக் கூப்பிட்டால் பிழை எறியும்படி செய்தோம். இணைப்பை ஒவ்வொரு ஒர்க்கரும் பிரிந்த பிறகே உருவாக்க வேண்டும். தாய்ப் புராசஸில் திறந்து பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் இந்த டிரைவர் தொங்கிப்போகும். அது ஏற்கனவே சரியாக இருந்தது, மாற்றவில்லை. காற்றாலைப் பட்டியலை ஒரே குவெரியில் கேட்பதை விட்டு, ஒரே ஸ்டேட்மென்ட்டைக் காற்றாலைக்கு ஒன்றாக இணையாக ஓட்டினோம். டிரைவரின் இதற்கான வசதி இயல்பாக ஒரே நேரத்தில் 100 வரை போகும். 16 போதும் என்று வைத்தோம். காலாவதியானால் உடனே மூன்று முறை முயலும் ஒரு பகுதியும் இருந்தது. திணறும் சர்வரை மேலும் அடிப்பது தவிர அதனால் பலன் இல்லை. இடைவெளி விட்டு ஒரே ஒரு முறை என்று குறைத்தோம்.

நோட்களுக்கு ஹீப் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. அவர்கள் 8 ஜிபி கேட்டார்கள். பேஜ் கேஷுக்கு இடம் வேண்டும், கண்காணிப்பு ஏஜென்ட் வேறு இருக்கிறது என்று நான் 6இல் நின்றேன். 6 என்று முடிவாயிற்று.

ஒவ்வொரு நோடிலும் முதலில் டிரெய்ன் கட்டளை கொடுத்தோம். மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு நோட் புதிய வேலை எடுப்பதை நிறுத்தும். பிறகு கசாண்ட்ராவை நிறுத்தி, பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் சிஸ்டம் டேபிளின் கோப்புகளை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தி, ஹீப்பை மாற்றி, எழுப்பினோம். டிரெய்ன் செய்யாமல் நிறுத்தினால், எழுத்துகளை முதலில் பதிந்து வைக்கும் கமிட் லாகிலிருந்து அதே குப்பையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். நோட் மேலே ஏறி இயல்பாக இருப்பதாக மூன்றிலும் தெரிந்த பிறகே அடுத்ததைத் தொட்டோம். காற்று குறையும் விடியற்காலையில் இதைச் செய்தோம். இந்தப் பதிப்பில் ரிப்பேர் இயல்பாகவே, ஏற்கனவே ரிப்பேர் ஆனதை விட்டு மீதியை மட்டும் பார்க்கும், அதில் சிக்கல்கள் உண்டு. எனவே முழு ரிப்பேர் என்று தெளிவாகச் சொல்லி, அலார ஒப்புதல் டேபிளுக்கு மட்டும், கெடுவுக்குள் ஓட்டி முடித்தோம்.

பின்பு நடந்தது

ஆப்பை மாற்றிய அன்று பிற்பகலிலேயே எச்சரிக்கை வரி நின்றுவிட்டது. ஒவ்வொரு நோடிலும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் எண்ணிக்கை இருபதுக்குள் வந்து அசையாமல் நின்றது. எட்டு ஒர்க்கர் இருந்தாலும் எண்ணிக்கை எட்டு மடங்கு ஆகவில்லை. அடையாளம் வாக்கியத்தின் எழுத்துகளிலிருந்தே கணக்கிடும் ஹேஷிலிருந்து வருவதால் ஒரே வாக்கியம் எங்கிருந்து வந்தாலும் ஒரே பதிவுதான். ஒர்க்கர்கள் 250 எம்பி அளவில் நிலைத்தன. ஜாவா நிற்கும் இடைவெளிகள் அரை நொடிக்கு மேல் போகவில்லை.

ஆடி மாதக் காற்று முழுவதும் எந்த நோடும் விழவில்லை. ஸ்டேட்மென்ட் வெள்ளத்தையும் பட்டியல் குவெரியையும் ஒரே வெளியீட்டில் மாற்றியதால், பலனில் எது எவ்வளவு பங்கு என்று இந்த நிகழ்வை வைத்துப் பிரிக்க முடியாது. சீசன் நடுவில் பிரித்துச் சோதிக்கப் பொறுமை யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

மாத அறிக்கை எடுக்கும்போது மட்டும் ஒரு ஒர்க்கர் இன்னமும் வீங்கியது. டிரைவர் 5,000 வரிகளாகப் பக்கம் பிரித்துத்தான் தருகிறது. ஆப் அத்தனையையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு கோப்பில் எழுதியது. வரி வரியாக எழுதும்படி மாற்றியதும் அதுவும் அடங்கியது.

மாற்றியவையும் பாக்கியும்

பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் எண்ணிக்கையும் எறியப்படும் எண்ணிக்கையும் கசாண்ட்ரா தன் அளவுகளில் எப்போதுமே தந்துகொண்டிருந்தது, வரைபடத்தில்தான் இல்லை. இப்போது சேர்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டினால் அலுவலகத்துக்கு மெசேஜ் போகும். லாகைப் பார்ப்பவர்கள் பிழை வரிகளோடு எச்சரிக்கை வரிகளையும் பார்க்க வேண்டும் என்பது இப்போது எழுதப்பட்ட நடைமுறை. ஹீப்பை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு முன் கெர்னல் பதிவையும், ஹீப்புக்கு வெளியே போகும் நினைவகக் கணக்கையும் காட்டி இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திரையும் மாறியது. பதில் வராத காற்றாலை இப்போது சாம்பல் நிறத்தில், 'தரவு வரவில்லை' என்ற எழுத்தோடும் கடைசியாக வந்த நேரத்தோடும் காட்டப்படுகிறது. மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டதால் அந்த எழுத்தைப் பெரிதாக்கினார்கள்.

அலாரங்களைச் செயற்கையாகப் பெருக்கிச் செலுத்தும் ஒரு சோதனையை ஏப்ரலுக்குள், காற்று வருவதற்கு முன்பு, ஒவ்வொரு வருடமும் ஓட்டுவதாக முடிவு. கடந்த ஜூன் மாதத்து அலாரங்களையே பதிவிலிருந்து எடுத்துப் பத்து மடங்கு வேகத்தில் ஓட்டினால் போதும், தனியாக எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

கசாண்ட்ராவை 4 வரிசைப் பதிப்புக்கு ஏற்றும் வேலையை அக்டோபரில், காற்று ஓய்ந்த பிறகு, நோட் நோடாகச் செய்யப் பராமரிப்பு நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் காப்பு நகலிலிருந்து ஒரு நோடையாவது முழுதாக மீட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கான சர்வர் வாடகையை யார் தருவது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.